உலாவப் போனால் குற்றமா?

நேயரே! சற்று நேரத்துக்கு உங்கள் வயது 66 என்று வைத்துக் கொள்ளுங்கள். இளம் வயதினர் கோபித்துக் கொள்ள வேண்டாம். கட்டுரை முடிவதற்குள் அவரவர் வயதை அவரவரிடமே பத்திரமாகத் திருப்பிக் கொடுத்து விடுகிறேன். ஊர், தர்மபுரி. பள்ளிக்கூடத் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சொத்து: சின்னதாக ஒரு வீடு, மாதா மாதம் பென்ஷன், இருபது வருஷத்துச் சர்க்கரை வியாதி. "மாத்திரை பாதி, நடை பாதி. தினம் முக்கால் மணி நேரம் கை வீசி நடக்க வேண்டும்" என்பது டாக்டரின் கட்டளை. அதை நீங்களும் ஒரு நாள் தவறாமல் நிறைவேற்றி வந்திருக்கிறீர்கள்.

2020 மார்ச் 25-ந் தேதி, புதன்கிழமை விடியற்காலை. அன்று யுகாதிப் பண்டிகை வேறு. வழக்கம் போல ஐந்து மணிக்கு எழுந்து, செருப்பை மாட்டிக் கொண்டு கதவைத் திறக்கிறீர்கள். உள்ளேயிருந்து வீட்டுக்கார அம்மாளின் குரல் வருகிறது.

"என்னங்க, எங்க கிளம்பிட்டீங்க? ராத்திரி டி.வி.யில பிரதமர் சொன்னதைக் கேட்டீங்கல்ல? வாசப்படியில லட்சுமணன் கோடு போட்டாச்சு. தாண்டக் கூடாது."

"கோடு போட்டது வியாதிக்கு. எனக்கில்லே."

"வியாதிக்குக் கோடு தெரியுமா? மனுஷனுக்குத்தான் தெரியும்."

நியாயமான பதில்தான். ஆனாலும் இருபது வருஷத்துப் பழக்கம் காலைப் பிடித்து இழுக்கிறதே! தெருக்கோடி வரைக்கும் போகிறீர்கள். அங்கே இரும்புத் தடுப்பு போட்டு, பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் நிற்கிறார். நல்ல வேளை, உங்களிடம் எட்டாம் வகுப்பில் படித்த பையன்.

"வணக்கம் ஐயா. எங்க ஐயா இந்நேரத்துல?"

"எங்கேயும் இல்லப்பா. சும்மா நடக்கத்தான்."

"சும்மா நடக்க விடக்கூடாதுங்களே ஐயா. மருந்துக் கடைக்குன்னு சொல்லுங்க, விட்டுடறேன்."

"எனக்கு நடைதாம்பா மருந்து."

பையன் தலையைச் சொறிகிறான். எட்டாம் வகுப்பில் வியாசம் எழுதச் சொன்னபோது சொறிந்த அதே தலை. "அது லிஸ்ட்ல இல்லீங்க ஐயா" என்கிறான் பரிதாபமாக. நீங்கள் திரும்பி விடுகிறீர்கள்.

மறுநாள் உங்களுக்குப் புத்தி வந்து விடுகிறது. கையில் ஒரு மஞ்சள் பையை எடுத்துக் கொள்கிறீர்கள். என்ன ஆச்சரியம்! பையைப் பார்த்ததும் தடுப்பு விலகுகிறது. காய்கறி வாங்கப் போகிறவர் அல்லவா நீங்கள்? கால் கிலோ தக்காளிக்காக நாலு தெரு சுற்றி வருகிறீர்கள்.

அந்தத் தலைமையாசிரியரும் அந்தப் பையனும் என்னுடைய கற்பனை. அவர்களைச் சுற்றி நான் சொல்லப் போகிற மற்றதெல்லாம் நடந்தது. மஞ்சள் பையைப் பற்றி எனக்கு நேரான அனுபவமே உண்டு. அந்த நாட்களில் வெறும் பையை வீசிக் கொண்டு, இல்லாத கறிவேப்பிலையைத் தேடிக் கொண்டு, பல மைல் நடந்திருக்கிறேன். அதற்காக நான் பெருமைப்படவில்லை. ரொம்ப வெட்கப்படவும் இல்லை.

* * *

அந்த லிஸ்டை ஒரு முறை நிதானமாகப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 2020 மார்ச் 24-ந் தேதி மாலை 6 மணிக்கே 144 தடை உத்தரவு வந்து விட்டது. அது ஐந்து பேருக்கு மேல் கூடுவதைத்தான் தடுத்தது. தனியாக நடக்கிறவர் கூட்டமாக மாட்டாரே! ஆனால் அன்று இரவே மத்திய சர்க்காரின் உள்துறை, 2005-ம் வருஷத்துப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் பேரில், நாடு முழுவதற்கும் 21 நாள் ஊரடங்கு உத்தரவைப் பிறப்பித்தது. எவை எவை திறந்திருக்கலாம் என்று அதில் ஒரு ஜாபிதா. ரேஷன் கடை உண்டு. மளிகை, பழம், காய்கறி, பால், இறைச்சி, மீன் எல்லாம் உண்டு. பாங்கு, பெட்ரோல் பங்க், பத்திரிகை உண்டு. மாட்டுத் தீவனமும் உண்டு. வாயில்லா ஜீவன் பட்டினி கிடக்கக் கூடாது என்று யோசித்து அதைச் சேர்த்தவர் யாரோ, அவர் நன்றாக இருக்கட்டும்.

ஆனால் மனிதன் காலாற நடப்பதைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. 'நடக்கலாம்' என்றும் இல்லை. 'நடக்கக் கூடாது' என்று பச்சையாகவும் இல்லை. வீட்டுக்குள் இரு, அவசியமானால் வெளியே வா என்பதுதான் உத்தரவின் கருத்து. எது அவசியம்? டெல்லியில் உட்கார்ந்து எழுதியவர்கள் தீர்மானிக்காமல் விட்ட அந்தக் கேள்வியை, தர்மபுரி நாலு ரோட்டில் வெயிலில் நிற்கிற போலீஸ்காரரின் தலையில் இறக்கி வைத்தார்கள். அவர் கையில் சட்டப் புத்தகமா இருந்தது? லத்தி இருந்தது.

ஆகவே ஆளுக்கு ஒரு தீர்ப்பு, தெருவுக்கு ஒரு நியாயம் என்று ஆயிற்று. ஒரு முக்கில் "ஐயா, சீக்கிரம் முடிச்சிட்டு வீட்டுக்குப் போங்க" என்ற உபதேசம். அடுத்த முக்கில் தோப்புக்கரணம். நாடெங்கும் அந்த வசந்த காலத்தில் போலீஸார் தோப்புக்கரணம் போட வைத்த காட்சிகளைத் தொலைபேசிப் படங்களில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். தேகப் பயிற்சி செய்ய வெளியே வந்தவனைப் பிடித்து, அதற்குத் தண்டனையாக நடுத்தெருவில் தேகப் பயிற்சி செய்யச் சொன்ன விசித்திரம் வேறு எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

பக்கத்துக் கேரளத்தில் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார்கள். கொச்சி பனம்பிள்ளி நகரில் ஏப்ரல் 4-ந் தேதி காலை உலாவ வந்தவர்களில் 41 பேரைக் கைது செய்தார்கள். ஆகாயத்தில் பறந்த டிரோன் காமிரா அவர்களைக் காட்டிக் கொடுத்தது. அங்கே அப்போது புதிதாகப் பிறப்பித்திருந்த தொற்றுநோய் அவசரச் சட்டப்படி இரண்டு வருஷம் வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் போட இடமிருந்தது. நம் ஊரில் பெரும்பாலும் அப்போதைய இந்திய தண்டனைச் சட்டம் 188-வது பிரிவுதான். அந்தப் பிரிவின்படி சாதாரணமாக ஒரு மாதச் சிறை, அல்லது 200 ரூபாய் அபராதம். ஊரடங்கை மீறியதாகத் தமிழ்நாட்டில் சுமார் பத்து லட்சம் பேர் மேல் போட்ட வழக்குகளைத் திரும்பப் பெறுவதாக 2021 பிப்ரவரியில் அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். பத்து லட்சம் பேர்! குற்றவாளிகள் இத்தனை லட்சமானால், கோளாறு ஜனங்களிடம் மட்டும் இருக்க முடியுமா என்று கேட்கத் தோன்றுகிறது.

சிரித்துக் கொண்டே இதை எழுதிவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன். முடியவில்லை. 2020 ஜூன் மாதம் சாத்தான்குளத்தில், நேரம் கடந்து கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லிப் போலீஸார் அழைத்துக் கொண்டு போன தகப்பனும் மகனும் உயிரோடு வீடு திரும்பவில்லை. பிறகு சி.பி.ஐ. அந்தப் போலீஸார் மீது கொலைக் குற்றம் சாட்டியது. உத்தரவு தெளிவில்லாமல் இருக்கிற இடத்தில் அதிகாரம் கை நீட்டினால் எது வரைக்கும் போகும் என்பதற்கு அது ஒரு சாட்சி.

* * *

போலீஸ்காரர் பக்கத்து நியாயத்தைச் சொல்லாமல் போனால் பாவம் வந்து சேரும். நம்மவர்களின் காலை நடையை நீங்கள் அறியாதவரா? வீட்டிலிருந்து புறப்படும்போது ஒருவர். இரண்டாவது தெருவில் பாங்கு சினேகிதர் சேர்ந்து கொள்வார். மூன்றாவது தெருவில் ரிட்டயரான தாசில்தார். நாலு ரோட்டுக்கு வரும்போது ஐந்து பேர். கடைசியில் டீக்கடை பெஞ்சியில் எட்டுப் பேர், ஒரே பத்திரிகை. நடந்தது பதினைந்து நிமிஷம் என்றால் உலக விவகாரம் பேசியது முக்கால் மணி. "நடக்கத்தானே போறோம்" என்று சொல்கிற ஒருவரை விட்டால், பின்னாலேயே அந்தப் பெஞ்சியும் வந்து விடும் என்பது போலீஸ்காரருக்குத் தெரியும்.

பயமும் நிஜமான பயம். வந்திருந்த வியாதிக்கு மருந்தில்லை, தடுப்பூசி இல்லை. எப்படிப் பரவுகிறது என்று டாக்டர்களுக்கே நிச்சயமில்லை. சென்னையில் 2020 ஜூன் 17-ந் தேதி மாம்பலம் போலீஸ் இன்ஸ்பெக்டர் ஒருவர் இந்த வியாதிக்கே பலியானார். ரோட்டில் நின்று மற்றவர்களை வீட்டுக்கு அனுப்பியவர்களுக்கு, தாங்கள் வீட்டுக்குப் போகும் பாக்கியம் இல்லை. 'நான் பதினாறு மணி நேரம் நிற்கிறேன், இவருக்கு உலாவல் கேட்கிறதா' என்று ஒருவர் மனசுக்குள் குமுறியிருந்தால் அதைத் தப்பென்று சொல்வேனா?

போலீஸை விடக் கடுமையானவர்கள் அக்கம்பக்கத்தார். ஜன்னல் வழியாகப் பார்த்து, "அந்த வீட்டுப் பெரியவர் தினம் வெளியே போறாரு. நமக்கெல்லாம் கொண்டு வந்து விடப் போறாரு" என்று பேசிக் கொண்டார்கள். மொட்டை மாடியில் நடக்கலாமே என்றார்கள். சரி, மாடி உள்ளவர் நடக்கட்டும். 2020 ஜூன் 21-ந் தேதி சர்வதேச யோகா தினத்துக்குக்கூட 'வீட்டிலேயே யோகா, குடும்பத்தோடு யோகா' என்றுதான் கோஷம். ஓட்டு வீட்டில், ஒண்டுக் குடித்தனத்தில், பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் படுத்து எழுகிற குடும்பத்தில், யார் எழுந்து யோகா செய்ய, யார் எங்கே ஒதுங்குவது?

* * *

இதெல்லாம் டவுன் வழக்கு. தர்மபுரி டவுனைத் தாண்டி நாலு மைல் போனால் இந்த வழக்கே கிடையாது. பென்னாகரம் பக்கமோ அரூர் பக்கமோ ஒரு கிராமத்தில் போய், "தேகப் பயிற்சிக்கு வெளியே விடுகிறார்களா?" என்று கேட்டுப் பார்த்தால், கேட்டவரை ஏற இறங்கப் பார்ப்பார்கள். மார்ச் 27-ந் தேதியே விவசாய வேலைகளுக்கு விலக்கு வந்து விட்டது. கேழ்வரகுக் கொல்லைக்கும், மாந்தோப்புக்கும், ஆடு மேய்க்கவும் நடந்தவர்கள் நடந்து கொண்டுதான் இருந்தார்கள். ஏப்ரல் 20-க்குப் பிறகு நூறு நாள் வேலைக்கும் அனுமதி கிடைத்தது. மண் வெட்டுகிறவனுக்குத் தேகப் பயிற்சி எதற்கு? நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதித்தவனுக்குத்தான் நடை ஒரு தனிக் காரியம். அதனால்தான் அவன் நடை அவசியமில்லாத காரியமாகத் தோன்றியது.

இன்னொரு நடையையும் மறக்க முடியாது. பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருந்த நம் ஜனங்களில் பஸ்ஸும் ரயிலும் நின்றபோது மூட்டை முடிச்சோடு ஓசூர்ச் சாலையில் நடக்கத் தொடங்கியவர்கள் உண்டு. நாக்பூரிலிருந்து நாமக்கல்லுக்குக் கால்நடையாகப் புறப்பட்ட ஓர் இளைஞன் செகந்திராபாத்தோடு நின்று போனான்; அங்கே ஒரு தங்கும் முகாமில் உயிர் பிரிந்தது. அவனுக்கு 25 வயதுகூட ஆகவில்லை. நடையைப் பற்றிய கட்டுரையில் அவனுக்கும் ஒரு பாரா இருக்க வேண்டும் என்று எழுதினேன்.

* * *

2020 மே மாதம் பிறந்தது. தேசத்து ஜில்லாக்களுக்கெல்லாம் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று வர்ணம் பூசினார்கள். தமிழ்நாட்டின் 37 ஜில்லாக்களில் 12 சிவப்பு, 24 ஆரஞ்சு. பச்சை ஒன்றே ஒன்று, அது கிருஷ்ணகிரி. நம் தர்மபுரி ஆரஞ்சு. 2004-ம் வருஷம் வரையில் கிருஷ்ணகிரியும் தர்மபுரி ஜில்லாவாகத்தான் இருந்தது. பாகப் பிரிவினையில் தம்பிக்குப் பச்சை போய்விட்டதே என்று அண்ணன் பெருமூச்சு விட்டிருக்கலாம். ஆனால் அந்தப் பச்சையும் சில நாட்களில் வெளுத்து விட்டது.

மே 1-ந் தேதி வந்த மத்திய உத்தரவில் முதல் முறையாக நடப்பவர்களுக்கு ஒரு துவாரம் தெரிந்தது. அவசியமில்லாத காரியங்களுக்காக இரவு 7 மணி முதல் காலை 7 மணி வரையில் வெளியே நடமாடக் கூடாது என்று அதில் எழுதியிருந்தார்கள். அப்படியானால் பகலில் நடமாடலாம் என்றுதானே அர்த்தம்? ஆம் என்றார்கள் சிலர். இல்லை என்றார்கள் சிலர். ஆம் என்றே வைத்துக் கொள்வோம். மே 4-ந் தேதி அக்கினி நட்சத்திரம் ஆரம்பம். குளிர்ந்த காற்று வீசும் விடியற்காலை ஐந்து மணிக்கு நடந்தால் குற்றம். காலை எட்டு மணிக்குத் தர்மபுரி வெயிலில் மண்டை பிளக்க நடந்தால் குற்றமில்லை!

அதே உத்தரவில் இன்னொரு வாக்கியம். 65 வயதுக்கு மேற்பட்டவர்கள், வேறு வியாதி உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் ஆகியோர் வீட்டிலேயே இருக்க வேண்டும். அத்தியாவசியத் தேவைக்கும் ஆரோக்கியக் காரணத்துக்கும் மட்டும் விலக்கு. நேயரே, உங்களுக்கு 66 வயது, சர்க்கரை வியாதி. இரண்டு விதத்திலும் நீங்கள் வீட்டுக்குள் இருக்க வேண்டியவர். ஆனால் உங்கள் நடையே ஆரோக்கியக் காரணத்துக்குத்தான். உங்களை உள்ளே தள்ளுகிற அதே வாக்கியம்தான் உங்களை வெளியேயும் விடுகிறது. ஒரு வக்கீலிடம் போனால் இதை வைத்துக் கொண்டு ஒரு வருஷம் வாதாடுவார். முக்கில் நிற்கிற பையனிடம் வாதாட ஒரு நிமிஷம்தான் இருக்கிறது.

இது ஏதோ நாலு பேருடைய பொழுதுபோக்கு விஷயம் என்று நினைக்க வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆதரவில் நடந்த பெரிய ஆராய்ச்சியின் முடிவு 2023-ல் வெளியாயிற்று. அதன்படி இந்தியாவில் சர்க்கரை வியாதிக்காரர்கள் சுமார் 10 கோடிப் பேர். தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல். கொரோனா வந்தால் அதிகம் ஆபத்துக்குள்ளாகிறவர்களும் இவர்கள்தாம். நடக்காமல் இருந்தால் சர்க்கரை ஏறுகிறவர்களும் இவர்கள்தாம். வாசலுக்கு வெளியே ஒரு யமன், வாசலுக்கு உள்ளே ஒரு யமன்.

அக்கம்பக்கத்து ராஜ்யங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வழியில் போயிற்று. கர்நாடகத்தில் 2020 மே 19 முதல் காலை 7 முதல் 9 வரையிலும் மாலை 5 முதல் 7 வரையிலும் பூங்காக்களைத் திறந்து விட்டார்கள். தமிழ்நாட்டில் செப்டம்பர் 1-ந் தேதி வரையில் பொறுக்க வேண்டியிருந்தது. ஆனால் மதுக்கடையை மட்டும் மே 7-ந் தேதியே, சென்னை நீங்கலாக, திறந்தார்கள். ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் காலை 10 முதல் 1 மணி வரை என்று மரியாதையாக நேரம்கூட ஒதுக்கியிருந்தார்கள்! மறுநாள் ஹைகோர்ட் மூடச் சொன்னது. ஒரு வாரத்தில் சுப்ரீம் கோர்ட் அந்தத் தடையை நிறுத்தி வைத்தது. பூங்காவுக்காக அத்தனை வேகமாக யாரும் கோர்ட்டுப் படி ஏறவில்லை போலிருக்கிறது.

* * *

'வெள்ளைக்கார தேசத்தில் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்திருப்பார்கள்' என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு சமாசாரம். இங்கிலாந்தில் முதல் நாளே தேகப் பயிற்சிக்கு உத்தரவில் இடம் கொடுத்தார்கள். மார்ச் 23-ந் தேதி பிரதமர் போரிஸ் ஜான்ஸன், தினம் ஒரு முறை வெளியே போய் நடக்கலாம், ஓடலாம், சைக்கிள் விடலாம் என்றார். மூன்று நாள் கழித்து வந்த சட்டத்தில் 'ஒரு முறை' என்ற சொல்லைக் காணோம்! பிரதமர் சொன்னது சட்டமா, சட்டத்தில் எழுதியது சட்டமா என்று அங்கேயும் குடுமிப்பிடி. டெர்பிஷயர் போலீஸார் மலைப் பக்கம் காற்று வாங்கப் போனவர்களை டிரோன் வைத்துப் படம் பிடித்து, ஊரறிய வெளியிட்டார்கள். ஜனங்கள் கூடாமலிருக்க ஓர் அழகான நீலக் குட்டையில் கறுப்புச் சாயத்தைக் கொட்டினார்கள். 2021 ஜனவரியில், வீட்டிலிருந்து ஐந்து மைல் தள்ளி ஓர் ஏரிக்கரையில் நடக்கப் போன இரண்டு சினேகிதிகளைப் பிடித்து, ஆளுக்கு 200 பவுன் அபராதம் விதித்தார்கள். அவர்கள் கையில் இருந்த காப்பியைக் காட்டி, "இது வனபோஜனம்" என்றார்களாம்! அதே மாதம் பிரதமரே தம் வீட்டிலிருந்து ஏழு மைல் தள்ளிச் சைக்கிள் விட்டார் என்று செய்தி வந்தது. சினேகிதிகளின் அபராதத்தைப் பிறகு ரத்து செய்து, மன்னிப்பும் கேட்டார்கள்.

ஸ்பெயின் தேசத்தில் ஆறு வாரத்துக்கு மேல் யாருக்கும் உலாவல் கிடையாது. நாயைக் கூட்டிக் கொண்டு போகிறவர்களுக்கு மட்டும் விலக்கு. நம் மஞ்சள் பையின் வேலையை அங்கே நாய் செய்தது. மே 2-ந் தேதி, வயதுக்கு ஒரு நேரம் என்று பிரித்து வெளியே விட்டார்கள். பாரிஸ் நகரில் ஏப்ரல் 8 முதல் பகல் 10 மணியிலிருந்து மாலை 7 வரை ஓடக் கூடாது என்று தடை போட்டார்கள். தென்னாப்பிரிக்காவில் மே 1-ந் தேதி வரையில் ஓட்டமும் நடையும் அடியோடு தடை. பிறகு காலை 6 முதல் 9 வரை மட்டும், வீட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள். முதல் நாள் காலை கேப்டவுன் கடற்கரைச் சாலையில் ஜனங்கள் திருவிழா மாதிரி திரண்டு விட்டார்கள். ஏன் திரள மாட்டார்கள்? நாள் முழுவதும் விட்டிருந்தால் பரவலாகப் போயிருப்பார்கள். மூன்று மணி நேரம் என்றதும் எல்லாரும் அதே மூன்று மணி நேரத்துக்குள் வந்தார்கள்.

இந்தச் சச்சரவுக்குள்ளே சாஸ்திர ஆராய்ச்சியும் வந்து சேர்ந்தது. 2020 ஏப்ரலில் பெல்ஜியம், ஹாலந்து நிபுணர்கள் சிலர் கம்ப்யூட்டரில் காற்றோட்டத்தைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். முன்னால் நடப்பவருக்கு ஐந்து மீட்டர், ஓடுகிறவருக்குப் பத்து மீட்டர், வேகமாகச் சைக்கிள் விடுகிறவருக்கு இருபது மீட்டர் தள்ளிப் பின்னால் போக வேண்டும் என்றார்கள். படத்தில், ஓடுகிறவனின் பின்னால் வர்ணத் துளிகள் வால் நட்சத்திரம் போல நீண்டிருந்தன. உலகமெங்கும் தொலைபேசிகளில் அது பறந்தது. அத்துளிகள் யாருக்காவது வியாதியைக் கொடுக்குமா என்று அவர்கள் ஆராயவே இல்லை. மற்ற நிபுணர்கள் பரிசீலிப்பதற்கு முன்பே வெளியிட்டு விட்டார்கள்.

ஏறத்தாழ அதே சமயத்தில் சீனாவில் வேறொரு ஆராய்ச்சி வெளியாயிற்று. அதற்குப் படமும் இல்லை, வாலும் இல்லை. ஆகவே யாரும் அனுப்பவில்லை. 7,324 நோயாளிகளுக்கு வியாதி எப்படி வந்தது என்று பார்த்ததில், திறந்த வெளியில் தொற்றியது என்று சொல்லத்தக்க நிகழ்ச்சி ஒன்றே ஒன்றுதான் அகப்பட்டது. சம்பந்தப்பட்டவர்கள் இரண்டே பேர். அதுவும் நடந்ததால் அல்ல, வூஹான் நகரிலிருந்து வந்தவரோடு வெளியே பேசிக் கொண்டிருந்ததால்! அந்த வருஷம் முடிவதற்குள் பல ஆராய்ச்சிகளைத் திரட்டிப் பார்த்தவர்கள், கண்டறிந்த தொற்றுகளில் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவுதான் வெளியில் ஏற்பட்டவை என்றார்கள். ஆபத்து இருந்தது டீக்கடை பெஞ்சியில். சாலையில் தனியாகக் கை வீசிப் போனவரிடம் அல்ல. போலீஸ்காரரின் சந்தேகமும் சரி, தலைமையாசிரியரின் பிடிவாதமும் சரி. இரண்டையும் பிரித்துச் சொல்ல உத்தரவில் ஒரு வரி போதும். 'தனியாக, வீட்டுக்கு அருகில், நிற்காமல், எந்த நேரமானாலும்' என்று எழுத எத்தனை அங்குலக் காகிதம் வேண்டும்?

முகக்கவசத்தைப் பற்றியும் அப்படியே. 2020 செப்டம்பரில் தமிழ்நாட்டில் கவசம் போடாதவருக்கு 200 ரூபாய் அபராதம் என்றார்கள். அதே செப்டம்பரில் டெல்லியில் சுகாதாரத் துறைச் செயலாளர், தனியாகப் பயிற்சி செய்கிறவர் கவசம் போட வேண்டும் என்று உத்தரவு எதுவும் இல்லை என்று விளக்கினார். இந்த விளக்கம் நாலு ரோட்டுக்கு வந்து சேர்ந்ததா என்பதை அபராத ரசீதுகள்தாம் சொல்ல வேண்டும்.

* * *

2021-ல் வந்த இரண்டாவது அலை விளையாட்டல்ல. மே 10 முதல் முழு ஊரடங்கு. மே 24 முதல் இன்னும் கடுமை. காய்கறிக் கடையே இல்லை. வண்டியில் வாசலுக்கு வந்தது. ஆகவே மஞ்சள் பைக்கும் வேலை போயிற்று. மே 21-ந் தேதி ஒரே நாளில் தமிழ்நாட்டில் 36,184 பேருக்கு வியாதி. ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ் வரிசைகளைப் பார்த்த யாரும் அந்த இரண்டு வாரத்தில் உலாவலைப் பற்றிப் பேசவில்லை. பேசாமலிருந்ததே சரி.

மூன்று வாரத்தில் எண்ணிக்கை பாதிக்குக் கீழே இறங்கியது. ஜூன் 14-ந் தேதி, திங்கட்கிழமை, சர்க்கார் கொஞ்சம் கையைத் தளர்த்தியது. 38 ஜில்லாக்களில் 27-ல், உள்ளாட்சிகளின் பூங்காக்களையும் மைதானங்களையும் காலை 6 முதல் 9 வரை, நடப்பதற்கு மட்டும் திறக்கலாம். கடைசியில் அந்த வார்த்தை வந்து விட்டது! பதினைந்து மாதம் கழித்து, சர்க்கார் உத்தரவில் கறுப்பு மையில் 'நடைப் பயிற்சி'! வியாதி அதிகமாக இருந்த 11 ஜில்லாக்களுக்கு மட்டும் இது கிடையாது.

தர்மபுரி 27-ல் ஒன்று. சேலம் அந்தப் பதினொன்றில் ஒன்று. தொப்பூர்க் கணவாய்க்கு இந்தப் பக்கம் நடக்கலாம். இறங்கி அந்தப் பக்கம் போனால் பூங்காக் கதவு பூட்டு. 1965 வரையில் இரண்டும் ஒரே சேலம் ஜில்லாதான். மலையில் அடிக்கிற காற்று எந்த ஜில்லாவைச் சேர்ந்தது என்று நான் கேட்கப் போவதில்லை. எங்கேயோ ஒரு இடத்தில் கோடு போட்டுத்தான் ஆக வேண்டும். வேறொன்றைத்தான் கேட்கத் தோன்றுகிறது. அதே 27 ஜில்லாக்களில் அதே திங்கட்கிழமை டாஸ்மாக் கடைகளையும் திறந்தார்கள், காலை 10 முதல் மாலை 5 வரை. நடக்கிறவனுக்கு மூன்று மணி நேரம்; குடிக்கிறவனுக்கு ஏழு மணி நேரம்.

சரி நேயரே, அன்று காலைக்கு உங்களை மறுபடி தர்மபுரிக்கு அழைக்கிறேன். உங்களுக்கு இப்போது 67. ஐந்தே முக்காலுக்கே பூங்கா வாசலில் நிற்கிறீர்கள். உங்களுக்கு முன்னால் ஒரு கூட்டம். எல்லாருக்கும் அதே மூன்று மணி நேரம்தானே! பாங்கு சினேகிதர் இருக்கிறார். தாசில்தார் வரவில்லை, மே மாதத்தில் போய்விட்டார் என்கிறார்கள். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. கேட்டருகே உங்கள் பழைய மாணவன் நிற்கிறான். சற்று இளைத்திருக்கிறான்.

"வாங்க ஐயா. இப்ப லிஸ்ட்ல வந்திடுச்சுங்க" என்கிறான்.

மூன்று சுற்றிலேயே மூச்சு வாங்குகிறது. முன்னெல்லாம் எட்டுச் சுற்று நடப்பீர்கள். வீட்டுக்குத் திரும்பிப் படியேறுகிறீர்கள். அம்மாள் உங்கள் கையைப் பார்க்கிறாள். பழக்க தோஷத்தில் எடுத்துப் போன மஞ்சள் பை தொங்குகிறது.

"என்னங்க, தக்காளி எங்கே?" என்கிறாள்.